எறும்பு கொண்டு வந்த பூ

ஃபெர்ரி கரை தொட இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. பெயர்த் தகட்டைக் காணவில்லை.

அது கரண்டி இழுப்பறையில் இருக்கிறது என்று எனேலிக்குத் தெரியும். போன வாரம் அம்மா லூலே தன் கையாலேயே அதைச் சூப் கரண்டிகளுக்கு அடியில் தள்ளி மூடியதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அப்பாவிடம் மூச்சுவிடக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். எனேலி விடவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவளுக்கு மற்றவர்கள் விஷயத்தை வயிற்றில் வைத்துக்கொள்வது பழகிப்போயிருந்தது. ஆனால் நாளைய வேலைக்கு ஒத்தாசை செய்ய லீவு போட்டுவிட்டு வந்தவள், வந்ததிலிருந்து செய்துகொண்டிருப்பது இது ஒன்றைத்தான்.

அப்பா ஆர்வோ தொட்டிகளுக்கு அடியில் தேடினார். காரில் தேடினார். குளிர்பெட்டியில், ஈரப் பாசியில் சுற்றிய கிழங்குகள் இருக்கும் காய்கறித் தட்டிலும் தேடினார். விரல் அகல அலுமினியத் தகடு. அதில் பென்சிலால் 'லூலே' என்று எழுதியிருந்தார். அனிமோன் என்கிற வசந்தகாலக் கிழங்குப் பூவை வளர்ப்பவர்கள் பென்சிலால்தான் எழுதுவார்கள். மையை வெயில் தின்றுவிடும்.

நாளை மதியம் அனிமோன் சங்கத்தார் முப்பது பேர் இந்தத் தீவுக்கு வருகிறார்கள். தோட்டத்து மூலையில், ஹேசல் புதருக்கு அடியில் பூத்திருக்கும் வெளிர்மஞ்சள் அடுக்குப் பூவைக் குனிந்து பார்ப்பார்கள். மூன்று வசந்தம் மாறாமல் அதே மாதிரி பூத்தால்தான் சங்கம் புது வகை என்று ஒப்புக்கொள்ளும். இது மூன்றாவது வசந்தம். ஆர்வோ பெயரைச் சொல்லித் தகட்டை மண்ணில் குத்துவார். அதற்குப் பிறகு அது அவருடைய பூ.

அவரிடம் நூற்றெண்பது வகை இருக்கிறது. வெள்ளை, நீலம், பச்சை விளிம்பு, பொத்தான் மாதிரி உருண்டது எல்லாம். அத்தனையும் யாரோ கண்டெடுத்து யாரோ பெயர் வைத்தவை. சங்கத்தில் அவருக்கு 'மியூசியம்' என்று பட்டப்பெயர். பாசமாகத்தான் சொல்கிறார்கள் என்று அவர் வீட்டில் வந்து சொல்வார். சொல்லிவிட்டு அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

"லூலே, நீ பார்த்தியா?" என்று சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"எதை?"

"தகட்டை."

"நான் உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருக்கேன். இதுல தகடு எதுவும் இல்ல."

எனேலி கொதிக்கும் முட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

தேடுவதை விட்டுவிட்டு ஆர்வோ மேசையில் உட்கார்ந்து நாளைக்குப் பேசப்போவதைப் படித்துக் காட்டினார். மூன்றாவது தடவை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு வெள்ளை அனிமோனின் மேல் மஞ்சள் அனிமோனின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவினார். விதை முற்றிக் கொட்டிவிடாமல் இருக்க லூலேயின் நைலான் காலுறையை வெட்டிப் பூக்காம்புகளில் கட்டினார். அது பழைய காலுறை இல்லை என்பதை உரையில் அவர் சொல்வதில்லை, லூலே சொல்வாள். ஒரு காலுறைத் துண்டில் ஓட்டை இருந்தது. அனிமோன் விதையின் நுனியில் எறும்புக்குப் பிடித்த கொழுப்பு கொஞ்சம் ஒட்டியிருக்கும். ஓர் எறும்பு அந்த ஓட்டை வழியாக உள்ளே போய், ஒரு விதையை இழுத்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடந்து, ஹேசல் புதருக்கு அடியில் போட்டுவிட்டுப் போயிற்று. விதை முளைத்து இலை விட்டு, கடைசியில் பூத்தது. உரை எறும்புக்கு நன்றி சொல்லி முடிந்தது.

"எறும்புக்கு எதுக்கு நன்றி?" லூலே கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதுதானே கொண்டு வந்தது."

"எந்த எறும்புன்னு தெரியுமா? விலாசம் இருந்தா அழைப்பு அனுப்பலாம்."

"உன் காலுறையில ஓட்டை இல்லாம இருந்திருந்தா இந்தப் பூவே இல்ல. அதனாலதான் உன் பேரு."

"ஓட்டை நீ வெட்டினப்போ விழுந்தது."

வேறு பெயர் வைக்கச் சொல்லி அவள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவருடைய அக்கா பெயர், தீவின் பெயர், எதுவும் இல்லாவிட்டால் நாயின் பெயர். நாய் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, பார்னு ஊர்ச் சங்கக்காரர் ஒருவர் வைத்துவிட்டார் என்று ஆர்வோ சொன்னார். முப்பத்தெட்டு வருஷமாக இந்தப் பூக்களைத் திட்டினாய், சரி, ஒரு பூவுக்கு உன் பெயரை வைத்தால் அதற்கும் திட்டா என்று கேட்டார். குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே இருமிச் சமாளித்தார்.

லூலேவுக்குத் திட்டக் காரணம் இல்லாமல் இல்லை. ஏப்ரல் வந்தால் அந்த வீட்டில் யாரும் பாதையை விட்டு இறங்க முடியாது. துணிக்கொடி நிழல் விழுகிறது என்று கொடி போயிற்று; ஈரத்துணி மாடிப்படிக் கைப்பிடியில் காய்கிறது. ஜூன் வரை புல் வெட்டக் கூடாது. அதற்குள் பூவும் இலையும் மண்ணுக்குள் போய்விட, வெறும் தரையைச் சுற்றிக் கயிறு கட்டி அதற்கும் காவல் இருப்பார். ஒரு தடவை வாசல் படியில் கிடந்த காய்ந்த சுள்ளிகளை லூலே அடுப்பில் போட்டாள். அவை ஸ்வீடனிலிருந்து வந்த கிழங்குகள்.

ஆனாலும் இந்தப் பூ விஷயத்தில் அம்மா திட்டுவது வேறு மாதிரி இருந்தது. சண்டை போடுகிறவள் எதிராளியைப் பார்ப்பாள். அம்மா உருளைக்கிழங்கைப் பார்த்தாள்.

*

பதினொரு மணிக்குப் பெஞ்சுப் பிரச்சினை வந்தது.

சங்கத்தார் பாதிப் பேருக்கு முழங்கால் மாற்றியிருக்கிறது. முப்பது பேரும் நின்றுகொண்டு சிறுமீன் வைத்த கறுப்பு ரொட்டியும் உருளைக்கிழங்கு சாலடும் சாப்பிட முடியாது. ஊர் மன்றத்தில் கேட்டார்கள். நாற்காலி எல்லாம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதாம். பெஞ்சு இருக்கும் ஒரே இடம் ஹெய்னோ சித்தப்பா வீடு. மத்தியகோடைத் திருநாளில் நெருப்பு மூட்டும் அன்றைக்கு ஊரே உட்காரும் பலகைப் பெஞ்சுகள் அவர் செய்தவை.

"நின்னுக்கிட்டே பார்க்கட்டும்" என்றார் ஆர்வோ.

அண்ணனும் தம்பியும் பேசி நாலு வருஷம் ஆகிறது. அவர்கள் அம்மா விட்டுப்போன ஹேசல் தோப்பில் தன் பாதியை ஹெய்னோ விற்றார். வாங்கினவர்கள் இலையுதிர்காலத்தில் மரம் வெட்டும் மெஷினைக் கொண்டு வந்தார்கள். வெள்ளை அனிமோனும் மஞ்சள் அனிமோனும் கலந்து பூத்த பாதி அதுதான். மெஷினின் சக்கரத்தடம் முழங்கால் ஆழம் இருந்தது. ஆர்வோ போய்ப் பார்த்துவிட்டு வந்து பூட்ஸைக் கழற்றினார். அடுத்த வசந்தம் முழுக்க அதைப் போடவில்லை. நூற்றெண்பது வகையும் தானாகப் பூத்துத் தானாக உதிர்ந்தன. அவர் ஜன்னல் திரையைக்கூட விலக்கவில்லை. டாக்டர் மாத்திரை எழுதினார். அந்த மாத்திரையைத் தன் கடையிலிருந்து எனேலிதான் எடுத்துக் கொடுத்தாள்.

அதற்கடுத்த வசந்தத்தில் ஒருநாள் மாடியில் உதறின படுக்கை விரிப்பு காற்றில் பறந்துவிட்டது, போய் எடுத்து வா என்று லூலே அவரை விரட்டினாள். விரிப்பு ஹேசல் புதரில் மாட்டியிருந்தது. கீழே ஒற்றைப் பூ இருந்தது, வெண்ணெய் நிறத்தில், அடுக்காக. அவர் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அன்றிலிருந்து மாத்திரை இல்லை.

அதனால்தான் நாளை என்பது வெறும் சங்கக் கூட்டம் இல்லை. எனேலிக்கு அது தெரியும். பெயரைப் பற்றி அம்மா இப்படி முரண்டு பிடிப்பது அதனால்தான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"நான் சித்தப்பாகிட்ட கேக்கறேன்" என்று அம்மாவிடம் மட்டும் சொன்னாள்.

லூலே கத்தியைக் கீழே வைத்தாள். "அங்க மட்டும் போகாதே."

"ஏன்? அப்பா மூஞ்சி தூக்குவாருன்னா? தூக்கட்டும். பெஞ்சு யாருதுன்னு பெஞ்சுல எழுதியா இருக்கு?"

"போகாதேன்னா போகாதே, எனேலி."

முப்பத்துநாலு வயதுப் பெண்ணிடம் பேசும் பேச்சா இது? எனேலி வேன் சாவியை எடுத்தாள். ரொட்டி வாங்கப் போகிறேன் என்றாள்.

*

ஹெய்னோ கதவைத் திறந்து அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் வேனைப் பார்த்தார். வேறு யாரும் இறங்கவில்லை என்று தெரிந்ததும் தொப்பியைத் தலையில் வைத்தார். வெட்டப்போகும் மரத்துக்குக் குறி போட்டே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர். அதிகம் பேச மாட்டார்.

பெஞ்சு எத்தனை வேண்டும் என்று கேட்டார். எல்லாம் சௌனாவுக்கு, அந்த நீராவிக் குளியல் குடிலுக்கு, பின்னால் கிடப்பதாகச் சொன்னார். தானே தூக்கிவருவதாகவும் அவள் வேனிலேயே இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அவருக்கு அறுபத்தாறு வயது. பெஞ்சு ஒவ்வொன்றும் ஓக் பலகை. எனேலி பின்னாலேயே போனாள்.

சௌனாவின் வடக்குச் சுவரை ஒட்டி, நிழலில், பெஞ்சுகள் சேற்றில் கால் புதைந்து நின்றன. அவற்றின் கால்களுக்கு நடுவில், சலவைத் தொட்டி அகலத்துக்கு, வெளிர்மஞ்சள் அடுக்குப் பூக்கள்.

எனேலி குனிந்தாள். ஒன்றும் புரியாதவள் இல்லை அவள். இந்தப் பூவின் இதழ்களை அப்பா எண்ணச் சொல்லி எண்ணியவள். வெளிவட்டம் அகலம், உள்வட்டம் குறுகல், நுனியில் ஒரு சின்னப் பிளவு. அதே பூ.

"இது எப்படி இங்க வந்தது, சித்தப்பா?"

"பூதானே. வருஷா வருஷம் வருது."

"அப்பாகிட்ட இருக்கறதும் இதேதான்."

"நான் அவன் வேலிப் பக்கம் போயே நாலு வருஷம் ஆச்சு. அங்க என்ன இருக்குன்னு எனக்கெப்படித் தெரியும்?" சொல்லிவிட்டுப் பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்தார். "தூக்கு."

தூக்கினாள். ஆறு பெஞ்சு வேனில் ஏறியது. மிச்சத்தை டிராக்டரில் கொண்டு வந்து வேலிக்கு வெளியே போட்டுவிட்டுப் போகிறேன், அவன் கண்ணில் பட மாட்டேன் என்று சொன்னார். எனேலி வண்டியைக் கிளப்பும்போது ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"அவன் இப்பல்லாம் வெளியில வர்றானா?"

"தினமும். விடிஞ்சா தோட்டத்துலதான்."

"நல்லது" என்றார். சௌனாப் பக்கம் திரும்பி நடந்தார்.

வழியெல்லாம் எனேலி யோசித்தாள். ஓர் எறும்பு விதையைத் தோட்டத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கொண்டு போகலாம். நாலு கிலோமீட்டர் கொண்டு போகாது. அவள் படித்த படிப்பில் அந்த அளவுக்கு எறும்பைப் பற்றிச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சித்தப்பா பொய் சொல்கிறவர் இல்லை. அம்மா ஏன் போகாதே என்றாள் என்பது மட்டும் மெதுவாகப் புரிகிற மாதிரி இருந்தது. அது முழுசாகப் புரிவதற்குள் வீடு வந்துவிட்டது.

*

பெஞ்சு யாருடையது என்று ஆர்வோவுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. முகத்தைத் தூக்கினார். ஆனால் முழங்கால் மாற்றியவர்களை நினைத்திருக்க வேண்டும். இறக்க வந்தார்.

நாலாவது பெஞ்சை இறக்கும்போது அவர் கை நின்றது.

பெஞ்சின் காலோடு ஒரு பிடி மண் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. மண்ணுக்குள் பழுப்புச் சுள்ளி மாதிரி ஒரு கிழங்கு. கிழங்கின் முனையில் ஒரு காம்பு. காம்பில், கசங்கி, ஆனால் ஓர் இதழும் உதிராமல், அதே வெளிர்மஞ்சள் பூ.

ஆர்வோ பெஞ்சைக் கீழே வைத்தார். மண்டியிட்டுப் பூவை உள்ளங்கையில் ஏந்தினார். இதழை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"இது எங்கிருந்து வந்தது?"

எனேலிக்குப் பொய் சொல்ல வரவில்லை. சௌனாவுக்குப் பின்னால் என்றாள்.

"எவ்வளவு இருக்கு?"

"ஒரு தொட்டி அகலம்."

அவர் எழுந்தார். அவர் கோபப்பட்டு எனேலி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். கத்துவார், கதவைச் சாத்துவார், அரை மணியில் காப்பி கேட்பார். இப்போது கத்தவில்லை. ஹேசல் புதருக்கு நடந்து போய்ச் சுற்றி மண்ணைப் பார்த்தார், தோண்டின தடம் தேடுகிறவர் மாதிரி. திரும்பி வந்தபோது முடிவு கட்டியிருந்தார். தோப்பை அழித்தவன் இங்கேயும் வந்து திருடியிருக்கிறான். நாளைக்கு எறும்பைப் பற்றிப் பேசப்போவதில்லை. திருடனைப் பற்றித்தான் பேசப்போகிறார், முப்பது பேர் முன்னாலும், பெயரைச் சொல்லி.

அப்படிச் செய்யாதே அப்பா என்று எனேலி சொன்னாள். சித்தப்பா நாலு வருஷமாக இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்றாள். உன்னிடம் சொன்னானா, சொல்லாமல் என்ன செய்வான் என்றார்.

அந்த நேரம் பார்த்து டிராக்டர் வந்தது.

வேலிக்கு வெளியே பெஞ்சை இறக்கிவிட்டுக் கண்ணில் படாமல் போக நினைத்த ஹெய்னோ, அண்ணன் வாசலில் நிற்பதைப் பார்த்து எஞ்சினை அணைத்தார். இறங்கினார். இருவருக்கும் நடுவில் வேலி இருந்தது. ஆர்வோ உள்ளங்கையை நீட்டினார்.

"தோப்பை வித்தே. சரி, உன் பாதி, உன் இஷ்டம். எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான். இதையுமா தோண்டிட்டுப் போவே?"

ஹெய்னோ பூவைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். அப்புறம் ஒரே ஒரு தடவை, சமையலறை ஜன்னலைப் பார்த்தார். எனேலியும் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலில் அம்மா நின்றிருந்தாள்.

"ஆமா" என்றார் ஹெய்னோ. "எடுத்தேன்."

"எப்போ?"

"ஞாபகமில்ல."

"நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன். உன்னை எவனும் வாசல்ல சேர்க்க மாட்டான்."

"சொல்லிக்கோ. பெஞ்சை எங்க இறக்கட்டும்?"

இவ்வளவு மோசமாக ஒருவர் பொய் சொல்லி எனேலி பார்த்ததில்லை. அதை அப்பா நம்புவதையும் பார்க்கச் சகிக்கவில்லை. அவளுக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல் வந்தது. இரண்டு பேர் இல்லை, அம்மாவையும் சேர்த்து மூன்று பேர் மேலும். உள்ளே தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. சங்கத் தலைவராக இருக்கும். நாளைய நேரத்தை உறுதி செய்ய மதியம் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். யாரும் எடுக்கப் போகவில்லை.

சமையலறைக் கதவு திறந்தது.

லூலே ஏப்ரனோடு வந்தாள். பாதையில் வரவில்லை. நேராக, கயிற்றைத் தாண்டி, யாரையும் கால் வைக்க விடாத அனிமோன்களின் ஊடாகவே நடந்து வந்தாள். ஆர்வோ அதைப் பார்த்து வாயைத் திறந்தார். அவள் கையில் தகடு இருந்தது. அவர் காலையிலிருந்து தேடிய தகடு.

"அவன் பொய் சொல்றான், ஆர்வோ."

"லூலே, வேண்டாம்" என்றார் ஹெய்னோ வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"நீ சும்மா இரு. உன் பேச்சைக் கேட்டுத்தான் நாலு வருஷம் வாயை மூடிட்டிருந்தேன். உன் கையால வந்ததுன்னு தெரிஞ்சா ஆர்வோ பிடுங்கி எறிஞ்சிடுவான்னு சொன்னே. எறிஞ்சிருப்பான். ஆனா இப்போ இவன் உன்னைத் திருடன்னு சொல்லி நீயும் தலையாட்டறே. அதுக்கு மேல என் பேரை வேற வெக்கறான்."

தகட்டை ஆர்வோவின் உள்ளங்கையில், பூவின் பக்கத்தில் வைத்தாள்.

"அந்தக் காலுறையிலருந்து எறும்பு எதை எடுத்துட்டுப் போச்சோ எனக்குத் தெரியாது. ஆனா ஹேசல் அடியில இதை வெச்சது எறும்பு இல்ல. நான். மெஷின் வர்றதுக்கு முந்தின நாள் ஹெய்னோ தோப்புக்குப் போனான். ஒரு இலைகூட மேல இல்லாத அக்டோபர் மண்ணுல, எது எங்க பூக்கும்னு நினைப்பு வெச்சே நாள் பூரா தோண்டினான். பாதியை சௌனா பின்னாடி நட்டான். பாதியைக் கூடையில போட்டு என்கிட்ட கொடுத்தான், உனக்குன்னு. இது நீ கலந்த பூ இல்ல, ஆர்வோ. இது உங்க தோப்புப் பூ."